நிழலில் வைத்த சோலார் பேனல்

வெள்ளம் வந்தால் முன்கூட்டியே சொல்ல ஒரு பெட்டி வேண்டும் என்று வெள்ள எச்சரிக்கைத் துறை முடிவு செய்தது. அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு வேண்டும் என்று அன்றைக்கே இன்னொரு முடிவும் எடுத்தது. துறை தொடங்கியதிலிருந்து ஒரே நாளில் இரண்டு முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த அசதியில் மறுநாள் மதியத்துக்கு மேல் யாரும் வேலைக்கு வரவில்லை.

குழுவுக்கு அமைப்பாளராக ஸ்டோர் கீப்பரைப் போட்டார்கள். அவருக்குத் தகுதி இல்லாமல் இல்லை. அலுவலகச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அப்படி மாற்றியபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற பியூனைத் துணை அமைப்பாளராகப் போட நினைத்தார்கள். அவர் உஷாராக லீவில் போய்விட்டார்.

ஸ்டோர் கீப்பருக்கு இந்தப் பெட்டி மேல் சொந்த அக்கறையும் இருந்தது. அவருடைய அக்கா வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஊருக்குள் வர ஒரு தரைப்பாலம்தான் வழி. மலையில் மழை கொட்டினால், கீழே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து பாலத்தை முழுங்கிவிடும். போன மழைக்காலத்தில் அத்தானை பைக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அத்தான் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத் திரும்பி வந்தார். பைக் இன்னும் வரவில்லை. அக்கா மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தினமும் போக வர அதே பாலம்தான். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பாலத்தில் கால் வைத்த வாலு அந்தக் கரை ஏறுகிற வரைக்கும் அக்கா வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

மலையில் மின்கம்பியும் கிடையாது, செல்போன் டவரும் கிடையாது. அதனால் வெயிலில் சார்ஜ் ஆகி, ஒயர் இல்லாமல் பேசுகிற சின்னச் சின்னப் பெட்டிகளை வைப்பது என்று திட்டம். ஓடையில் தண்ணீர் ஏறினால் மேலே இருக்கிற பெட்டி மலைமுகட்டுப் பெட்டியிடம் சொல்லும். அது பாலத்துப் பெட்டியிடம் சொல்லும். குழாயடியில் செய்தி பரவுகிற மாதிரி. கடைசிப் பெட்டி பாலத்தடியில் சிவப்பு விளக்கைப் போடும். ஒரு பேனல், ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ, ஒரு ஆன்டெனா, இதையெல்லாம் போட்டு மூட ஒரு டப்பா. அவ்வளவுதான் சமாச்சாரம்.

அவ்வளவுதானா என்று நினைக்கிறவர்களுக்காகவே இயக்குநர் முதல் கூட்டத்தில் பேசினார்.

"பேனல் ஒண்ணு, பேட்டரி ஒண்ணுன்னு வாங்கி மாட்டுனா அதுக்குப் பேரு கடைக்குப் போறது. அதுக்கு ஒரு பை போதும். துறை எதுக்கு? நாம வாங்கப் போறதில்ல, தேர்வு செய்யப் போறோம். ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் குழு. ஒரு குழு பேசுறது இன்னொரு குழு காதுல விழக்கூடாது. விழுந்தா பாரபட்சம் வந்துரும்."

ஸ்டோர் கீப்பர் எழுந்து, "சார், பேனலுக்கு ஏத்த பேட்டரி வேணும்ல? அவங்க ரெண்டு பேரும் பேசிக்கலேன்னா..." என்று இழுத்தார்.

"கல்யாணமாய்யா பண்ணி வைக்கிறோம், பொருத்தம் பாக்க? உக்காரு ஸ்டோர்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததும் கூட்டக் குறிப்பில் ஏறியது.

பேனல் குழுவுக்குத் தலைவர் ஒரு வெயில் நிபுணர். ஓய்வு பெற்றவர். வெயிலைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். வெளியே வரும்போது மட்டும் குடை பிடித்துக்கொள்வார். கம்பெனிக்காரர்கள் மாதிரிக்குக் கொண்டுவந்த பேனல்களை மொட்டை மாடியில் பரப்பி வைத்தார்கள். அவர் ஒன்றைத் தொட்டார். விரலை உதறிக்கொண்டார்.

"சூடா இருக்கு."

"வெயில்ல கிடக்குல்ல சார்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"பேனல் சூடானா திறன் குறையும். இது நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது. சரி, சூடு எதனால வருது?"

"வெயிலால."

"அப்ப எதைத் தடுக்கணும்?"

ஸ்டோர் கீப்பர் அந்த வார்த்தையைச் சொல்லக் கூசி வானத்தைப் பார்த்தார். நிபுணரே சொன்னார். பேனலுக்கு மேலே ஒரு தகரக் கூரை. நாலு பக்கமும் சரிவு. கூரையோடு வருகிற பேனல்தான் தேறும், மொட்டைப் பேனல்கள் தகுதியில்லாதவை. ராத்திரியில் பேனல் இன்னும் சிறப்பாகக் குளிர்ந்திருக்கும் என்பதையும் தம் அறிக்கையில் ஒரு கூடுதல் நன்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து பேட்டரி. போன தடவை வாங்கிய டார்ச் லைட்டுகள் மூன்றாம் நாளே செத்துப்போனதால் துறை சூடுபட்ட பூனையாக இருந்தது. அதனால் இந்தத் தடவை கறாராக ஒரு நிபந்தனை போட்டார்கள். பேட்டரி மூன்று வருடம் பழுதில்லாமல் உழைத்திருக்க வேண்டும், அதற்கான சான்றும் கூடவே வர வேண்டும். புத்தம் புது பேட்டரியோடு வந்த கம்பெனி இளைஞர் விழித்தார்.

"சார், இது போன வாரம்தான் ஃபேக்டரியில இருந்து வந்துச்சு."

"அப்ப மூணு வருஷம் என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"பொறக்கவே இல்ல சார்."

"பொறக்காததை எப்படிய்யா நம்புறது?"

நிபந்தனைக்குப் பொருந்திய பேட்டரி அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது இயக்குநர் அறை இன்வெர்ட்டருக்கு அடியில் இருந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே போட்டார்கள்.

"வீங்கியிருக்கே சார்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

இயக்குநர் பேட்டரியைப் பாசத்தோடு பார்த்தார். "அனுபவம்யா. கொஞ்சம் உடம்பு போடத்தான் செய்யும்."

பேட்டரி தேர்வானது. அதன் இடத்துக்கு இயக்குநர் அறையில் புது பேட்டரி வைத்தார்கள். அதற்குக் குழு தேவைப்படவில்லை.

ஆன்டெனாவும் டப்பாவும் பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு. அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களை நகத்தால் தட்டிப் பார்த்து, "சோப்பு டப்பா" என்று ஒதுக்கினார். தடித்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தேர்வு செய்தார். இரண்டு பூட்டு. ஆன்டெனாவும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றார்.

"சார், இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய போகாதே."

"போகக்கூடாதுன்னுதானேய்யா பூட்டு."

"இல்ல சார், அது வெளிய போனாத்தான் வெள்ளம் வர்றது தெரியும்."

"வெள்ளத் தகவல் அரசு ரகசியம். அதைக் கண்டவன் காதுல விழுற மாதிரி காத்துல விடச் சொல்றியா? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

ஸ்டோர் கீப்பர் 'இரும்புப் பெட்டி, பூட்டு இரண்டு' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்குப் பென்ஷன் வேண்டும்.

இப்படி ஒவ்வொரு குழுவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மிச்சத்தை நிராகரித்தது. கம்பெனிக்காரர்கள் தேறாத மாதிரிகளைத் திரும்ப வாங்க வரவில்லை. துறைக்கு இன்னொரு தடவை வருவதைவிட அது அவர்களுக்கு லாபம். அவற்றை அலுவலகத்தில் வைத்திருக்கவும் கூடாது. பார்க்கப் பார்க்க அதிகாரிகள் மனம் மாறிவிடும் என்று துறை விதியே சொல்கிறது. 'மறுபடி குழுவின் கண்ணில் படாதவாறு ஸ்டோர் கீப்பர் அப்புறப்படுத்த வேண்டும்.' அவரும் விதிப்படி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, கண்ணில் படவே முடியாத இடமான அக்கா வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன்டா, உங்க ஆபீஸ் குப்பையைக் கொட்ட என் வீடுதான் கிடைச்சுதா? பெட்டி எப்ப வரும்னு கேட்டா அட்டைப்பெட்டியா கொண்டாந்து எறக்குற?"

"தேர்வு நடக்குதுக்கா."

"என் மவ பரீட்சை எழுதி ரிசல்ட்டே வந்துருச்சு. உங்களுக்கு இன்னும் தேர்வு நடக்குதாக்கும்."

வாலு அதற்குள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இந்த பேனலை ஏன் வேண்டாம்னாங்க?"

"வெயில் படுதாம்."

"இந்த பேட்டரி? எவ்ளோ சூட்டையும் தாங்குமே."

"புதுசாம்."

"இந்த டப்பா?"

"உள்ள இருக்கிற சிக்னல் வெளிய போயிருமாம்."

வாலு கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தாள். "ஒரு நல்ல பெட்டி செய்யறதுக்கு என்னென்ன வேணுமோ, அத்தனையும் இங்க இருக்கு. வேணும்னே பண்ணாக்கூட இவ்ளோ கச்சிதமா பண்ண முடியாது மாமா. ரேடியோ மட்டும்தான் இல்ல, அது மூணு கிடைச்சா போதும், நாமளே மூணு பெட்டி கட்டிரலாம்."

ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்துவிட்டார். குழு இத்தனை நாளாக எடுத்த முடிவுகள் ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பி மட்டும் வாசித்துக்கொள்ள வேண்டும்.

ரேடியோக் குழு முதல் கூட்டத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மூன்று ரேடியோக்களை 'பார்வைக்குக் கம்பீரமாக இல்லை' என்று நிராகரித்தது. அவற்றை அப்புறப்படுத்த ஸ்டோர் கீப்பர் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே பஸ் ஏறினார். மறுநாள் வாலுவிடமிருந்து போன் வந்தது. குரல் செத்திருந்தது.

"மாமா, ஒண்ணு போச்சு. ஆன்டெனா மாட்டாம ஆன் பண்ணிட்டேன். கத்த வாய் இல்லாம உள்ளுக்குள்ளயே கத்தி, தொண்டை எரிஞ்சு போச்சு அதுக்கு."

"ரெண்டு வச்சு ஓட்ட முடியாதா?"

"மலை குறுக்க இருக்கே மாமா. முகட்டுல ஒண்ணு இல்லேன்னா மேல சொல்றது கீழ கேக்காது. இன்னொண்ணு நிராகரிக்க மாட்டாங்களா?"

பின்னால் அக்கா குரல் கேட்டது: "மலைப்பக்கம் வானம் கருக்கலா இருக்குன்னு சொல்லுடி அவன்ட்ட!"

ரேடியோக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் மேஜை மேல் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஒன்று, பழையபடி உள்ளங்கை அளவு. இன்னொன்று, கப்பலில் இருந்து கழற்றிய மாதிரி ஆள் தூக்க முடியாதது. ஸ்டோர் கீப்பர் நிம்மதியாக இருந்தார். எது தேறும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்கென்று இயக்குநருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர் உட்காரக்கூட இல்லை. சின்னதைக் காட்டி, "இது போதும், எழுது" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

துறையின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு சரியான முடிவு நடந்துகொண்டிருந்தது. இந்த ரேடியோ தேறிவிட்டால் இரும்புப் பெட்டிக்குள் போய் இரண்டு பூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடும். அதை எப்படியாவது நிராகரிக்க வைக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் இயக்குநர் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இத்தனை கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவம் கை கொடுத்தது. ஸ்டோர் கீப்பர் எழுந்து பாராட்ட ஆரம்பித்தார்.

"சார், அருமையான முடிவு சார். எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க."

பேனா நின்றது. "எல்லாருமா? யாரு எல்லாரும்?"

"காலேஜ் பசங்ககூட இதைத்தான் சார் வாங்குறாங்க."

"பசங்க வாங்குறதையா நான் வாங்கறேன்?"

"மாட்டுனா அன்னிக்கே வேலை செய்யும் சார். இதுக்குக் கூட்டமே தேவையிருந்திருக்காது."

கன்னத்திலிருந்து கை இறங்கியது. இயக்குநருக்குப் பல்வலி போய்விட்ட மாதிரி இருந்தது. "கூட்டமே தேவையில்லாத ஒரு பொருளை" என்று அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார், "தேர்வு செய்ய ஒரு குழு எதுக்கு? எடுத்துட்டுப் போய்யா அதை. கண்ணுல படக்கூடாது!"

ஸ்டோர் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு அதை எடுத்துக்கொண்டு போனார். அவமானத்தில் தோள் குலுங்கியது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கடைசியாக எத்தனை பெட்டி வாங்குவது என்ற கேள்வி வந்தது. ஒன்று போதும் என்றார் இயக்குநர். முதல் பெட்டி ஒழுங்காகப் பேசட்டும், அப்புறம் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். அது யாரிடம் பேசும் என்று யாரும் கேட்கவில்லை. சோதனை ஓட்டத்தில் பெட்டி ஒரு செய்தியைக்கூடத் தொலைக்கவில்லை. அனுப்ப ஆளும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. 'செய்தி இழப்பு: அறவே இல்லை' என்று சான்றிதழ் வந்தது.

பெட்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் ஏற்றினார்கள். உச்சியில் தகரக் கூரை, கூரைக்கு அடியில் இருட்டில் பேனல், அதற்குக் கீழே கப்பல் ரேடியோவைச் சுமந்த இரும்புப் பெட்டி, அடியில் வீங்கின பேட்டரி. விளக்கு மாட்டும் வேலை அமைப்பாளரான ஸ்டோர் கீப்பருடையது. அதே கம்பத்தின் பின்பக்கம் வாலு செய்து கொடுத்த ஒரு சோப்பு டப்பாவைக் கட்டி, விளக்கின் ஒயரை அதோடு இணைத்தார். அவள் செய்த மற்ற இரண்டு டப்பாக்களையும் வாலுவும் அத்தானும் பகலிலேயே மலையேறிக் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். கூடப் போன ஸ்டோர் கீப்பர் பாதி வழியில் உட்கார்ந்து கைகாட்டியதோடு சரி.

திறப்பு விழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ரிப்பனைப் பாலத்துக்கு நட்டநடுவில் இரண்டு ஸ்டாண்டுகளுக்கு இடையே கட்டியிருந்தார்கள். போட்டோவில் தண்ணீர் தெரிய வேண்டுமாம். இயக்குநர் கத்தரிக்கோலோடு சிவப்புக் கம்பளத்தில் நடந்து பாலத்தின் நடுவுக்குப் போனார். பின்னால் நிபுணர் குடையோடு, பாதுகாப்பு அதிகாரி சாவிக்கொத்தோடு. எதிர்க்கரையில் வாலு ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிப் பாலத்தில் இறக்கப் போனாள்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

வாலு பிரேக்கைப் பிடித்தாள். பின்னால் வந்த பால் வண்டியும் சைக்கிள்களும் அவளைப் பார்த்து நின்றன. "மாமா! தண்ணி வருது மாமா!"

இயக்குநர் திரும்பி விளக்கைப் பார்த்தார். முகம் விளக்கைவிடச் சிவந்தது. "யாருய்யா ஆன் பண்ணது? நான் இன்னும் திறக்கவே இல்ல!"

"அணைக்கச் சொல்லட்டுமா சார்?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

ஸ்டோர் கீப்பர் பாலத்தில் ஓடினார். "சார், நெசமாவே வருது. கரைக்கு வாங்க சார்!"

"திறக்காத விளக்கு சொல்றதை எப்படிய்யா ஏத்துக்கறது? ரிப்பன் வெட்டாம நான் திரும்பி நடந்தா, நாளைக்கு வரலாறு என்ன சொல்லும்?"

மேலே வளைவில் ஒரு இரைச்சல் கேட்டது. நிபுணர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். பாதுகாப்பு அதிகாரியின் சாவிக்கொத்தும் அதன் பின்னால் அவரும் ஓடினார்கள். இயக்குநர் மட்டும் அசையவில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால், அந்த உடம்பிலும் அனுபவம் அதிகம்.

ஸ்டோர் கீப்பர் இரண்டு ஸ்டாண்டுகளையும் பிடுங்கினார். கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, ரிப்பன் நடுவில் ஆட, கரையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"யோவ்! என் ரிப்பன்!"

இயக்குநர் பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி கத்தரிக்கோலோடு ரிப்பனின் பின்னால் ஓடினார். கரை ஏறியதும் ஸ்டோர் கீப்பர் ஸ்டாண்டுகளை நட்டார். இயக்குநர் மூச்சிரைக்க ரிப்பனை வெட்டினார். கை தட்டக்கூட நேரமில்லை, பழுப்புத் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. எதிர்க்கரையில் அக்கா வாலுவை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் தம்பியைப் பார்த்து ஏதோ திட்டினாள். இரைச்சலில் கேட்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

இயக்குநர் உடனே மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா? தேர்வு என்றால் இதுதான்! நிழலில் வளர்ந்த பேனல், அனுபவம் வாய்ந்த பேட்டரி, இரும்புக் கட்டுப்பாடு! நான் ரிப்பனை வெட்டுவதற்கு முன்பே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு ஆர்வம்!"

மறு வாரமே உத்தரவு வந்தது. இதே தரத்தில் இன்னும் நாற்பது பெட்டிகள், ஒவ்வொரு ஓடைக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தேர்வுக் குழு, புதிதாக மாதிரிகள். அதற்குள் ஓடையை ஒட்டிய ஊர்க்காரர்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பாலத்துக்கும் ஒரு சோப்பு டப்பா வேண்டும் என்று.

இயக்குநர் ஸ்டோர் கீப்பரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாக மரியாதையோடு உட்காரச் சொன்னார்.

"நீயும் அனுபவஸ்தன் ஆயிட்ட. இந்தத் தடவை குழு எப்படி நடக்கணும், சொல்லு பாப்போம்."

"இன்னும் கண்டிப்பா இருக்கணும் சார். போன தடவை கொஞ்சம்தான் நிராகரிச்சோம்."

இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உன்ன மாதிரி ஆளுங்கதான்யா இந்தத் துறைக்கு வேணும். சரி, எதை எதை நிராகரிக்கலாம்னு நினைக்கிற?"

ஸ்டோர் கீப்பர் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நல்லதாப் பாத்து நிராகரிக்கலாம் சார்."